தீவிர சிகிச்சையில் நம் வீட்டுப் பெரியவர்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கோவிட் நோயாளர் நிரம்பி வழிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரியவரை மருத்துவமனை வாசலில் ஒப்படைத்த குடும்பங்கள் பல, பிறகு அவர் முகத்தைக் காண இயலாமல் தவித்தன. உள்ளே அவரை மனிதராக நடத்தினார்களா என்ற கேள்வி இன்றும் பலர் நெஞ்சில் கிடக்கிறது. இதைப் பற்றித் தாதியர் கருதுவது என்ன என்று இன்று பார்ப்போம்.

சுவாச இயந்திரத்தின் குழாய் வாய்வழியே சென்று, குரல்நாண்களுக்கு இடையே இறங்கி, மூச்சுக்குழாயில் நிற்கிறது. ஆகவே நோயாளியால் பேச முடியாது. மயக்க மருந்து குறையும்போது, முதியவருக்குப் பகலும் இரவும் புரியாத மனக்குழப்பம் வரக்கூடும். சுற்றிலும் முகமூடி அணிந்த உருவங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் கழற்றப்பட்டிருக்கும். தோட்டத்திலே காலமெல்லாம் தமிழ் பேசிய பாட்டியிடம், யாரோ வேற்றுமொழியில் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்தால் எப்படி இருக்கும்? குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். அது பிடிவாதமன்று, அச்சம்.

அதனால்தான் அனுபவமுள்ள தாதியர், தொடுவதற்கு முன் சொல்லிவிட்டே தொடுவார்கள். "பாட்டி, உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம்" என்று மயக்கத்தில் இருப்பவரிடமும் சொல்வார்கள்; அவர் காதில் விழக்கூடும் அல்லவா? உடம்பு துடைக்கும்போது திரையை இழுத்து, மற்றப் பாகத்தைப் போர்த்துவார்கள். கட்டில் எண்ணைச் சொல்லாமல் பெயர் சொல்லி அழைப்பார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் குறைவுதான். கைத்தொலைபேசியை முதியவர் காதருகே பிடித்து, மகன் குரலைக் கேட்கச் செய்தவர்களும் தாதியரே. உற்றார் அருகில் இல்லாமல் இறந்தவர்களின் நினைவே தங்களை மிகவும் வருத்துகிறது என்று பல நாட்டுத் தாதியர் சொல்லியிருக்கிறார்கள்.

வயதாகிவிட்டது என்ற ஒன்றையே காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவது முறையன்று. முன்பு எவ்வளவு நடமாடினார், வேறு என்ன நோய் உண்டு, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அவர் விருப்பம் என்ன என்பவற்றையே பார்க்க வேண்டும். இயந்திரத்தால் பயனில்லை என்று மருத்துவர் முடிவு செய்தாலும் பராமரிப்பு நிற்கக்கூடாது. மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்தும், உதட்டை நனைக்கும் ஈரப் பஞ்சும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

வீட்டார் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக் கொடுத்தால் தாதியருக்குப் பேருதவி: பெரியவரை எப்படிக் கூப்பிடுவது, எந்த மொழி புரியும், கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார், யாருக்குத் தொலைபேசி செய்வது. இயந்திரச் சிகிச்சை பற்றிய அவர் விருப்பத்தையும் எழுதுங்கள். அதை அவர் நல்ல உடம்போடு இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். அபசகுனம் என்று நாம் தயங்குகிறோம். பல வீடுகளில் பாட்டியே அந்தப் பேச்சை எடுக்கிறார். நாம்தான் "சும்மா இருங்க பாட்டி" என்று அடக்கிவிடுகிறோம்.