பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது... ஏன்? விமானப் பயணத்தில் பேட்டரி விதிகளின் பின்னணி

கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர்... ஆபத்தான பொருள் என்றால் 'செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்' என்பதுதான் விமான நிலையத்து வழக்கம். பவர் பேங்க்குக்கு மட்டும் விதி தலைகீழ். தீப்பிடிக்கும் அபாயம் உள்ள பொருள், ஆகவே கையிலேயே வைத்திருங்கள் என்கிறார்கள். தீப்பிடிக்கக்கூடிய ஒன்றை நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குள் எடுத்துவரச் சொல்வதில் என்ன லாஜிக்?

லாஜிக் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எதைக் கையில் வைப்பது, எதைப் பெட்டியில் போடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

செல்போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி. இதன் நேர்மின், எதிர்மின் முனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உண்டு. கீழே விழுந்து நசுங்குதல், தயாரிப்புக் குறைபாடு, அளவுக்கு மீறிய சார்ஜ், அதிக வெப்பம் என ஏதோ ஒரு காரணத்தால் அந்தப் படலம் கிழிந்தால், உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். வெப்பம் கூடும். அந்த வெப்பம் வேதிவினையை வேகப்படுத்தும், வேதிவினை மேலும் வெப்பத்தைக் கிளப்பும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு செல்லில் தொடங்கியது பக்கத்துச் செல்லுக்கும் தாவும். இந்தச் சங்கிலித்தொடர் நிகழ்வை 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தீ அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும் பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளும். உள்ளே வெப்பம் தணியும்வரை ஆபத்து தீராது.

சரக்கு அறையில் என்ன சிக்கல்?

பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் புகையைக் கண்டறியும் கருவிகளும், தீயை அடக்க ஹாலான் வாயுவும் இருக்கின்றன. துணி, காகிதம், அட்டைப்பெட்டி எரிந்தால் ஹாலான் நன்றாகவே வேலை செய்யும். லித்தியம் பேட்டரியிலோ அது வெளியே தெரியும் சுடரை அடக்குமே தவிர, உள்ளே ஓடும் தெர்மல் ரன்அவேயை நிறுத்தாது. அதற்குத் தேவை குளிர்வித்தல், அதாவது தண்ணீர். பறக்கும் விமானத்தில் சரக்கு அறைக்குள் இறங்கித் தண்ணீர் ஊற்ற யாராலும் முடியாது.

இதன் விபரீதத்தை உலகுக்குக் காட்டியது 2010 செப்டம்பர் 3-ம் தேதி நடந்த விபத்து. துபாயில் இருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், தீப்பிடித்து துபாய்க்குத் திரும்பும் முயற்சியில் நொறுங்கியது. விமானிகள் இருவரும் இறந்தனர். லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் இருந்தே தீ தொடங்கியிருக்கலாம் என்றது விசாரணை. பயணிகள் விமானங்களில் லித்தியம்-அயான் பேட்டரிகளைச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தடை விதித்தது.

லேப்டாப்பைக் கீழே அனுப்பிய அந்தத் தடை

ஒருமுறை இந்த விதி அப்படியே புரட்டிப்போடப்பட்டது. 2017 மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உட்பட 8 நாடுகளின் 10 விமான நிலையங்களில் இருந்து நேரடியாக அமெரிக்கா செல்லும் விமானங்களில், செல்போனைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைக் கேபினுக்குள் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டது. லேப்டாப்புக்குள் வெடிகுண்டை மறைத்துக் கொண்டுவரலாம் என்ற அச்சம்தான் காரணம். சென்னையில் இருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா சென்ற ஐடி ஊழியர்களும் லேப்டாப்பை செக்-இன் பெட்டியில் போட வேண்டியதாயிற்று.

குண்டு அபாயத்தைக் குறைக்கும் வழி தீ அபாயத்தைக் கூட்டியது. லித்தியம் பேட்டரி உள்ள கருவிகளைக் கேபினில் வைப்பதே நல்லது என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்த ஏப்ரலிலேயே எச்சரித்தது. சூட்கேஸுக்குள் சூடான லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஏரோசால் ஸ்பிரே டப்பா இருந்தால் வெடிப்பே நிகழலாம் என்று அமெரிக்க விமானத் துறையின் சோதனைகளும் காட்டின. விமான நிலையங்களில் சோதனை முறைகள் பலப்படுத்தப்பட்ட பின், 2017 ஜூலைக்குள் எல்லா நிலையங்களிலும் தடை விலக்கப்பட்டது.

கேபினுக்குள் கொண்டுவந்தால் மட்டும் போதுமா?

போதாது. அடுத்த பாடத்தைக் கற்பித்தது தென் கொரியா. 2025 ஜனவரி 28-ம் தேதி பூசான் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள லக்கேஜ் ரேக்கில் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். விமானத்தின் மேற்கூரை எரிந்து போனது. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது.

அதே ஆண்டு அக்டோபர் 19-ம் தேதி டெல்லியில் இருந்து திமாப்பூர் செல்லவிருந்த இண்டிகோ விமானத்திலும் பயணி ஒருவரின் கருவி தீப்பற்றியது. அது பவர் பேங்க் என்று செய்திகள் கூறின. ஆனால், அது இருந்த இடம் முன் இருக்கையின் பின்புறப் பை. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஊழியர்கள் சில நொடிகளில் அணைத்துவிட்டனர். யாருக்கும் காயமில்லை.

இரண்டு சம்பவங்களிலும் விமானம் தரையில்தான் இருந்தது. ஒன்றில் தீ, மூடிய ரேக்கில் பைகளுக்கு நடுவே. இன்னொன்றில் கண்ணெதிரே. கையில் வைக்கச் சொல்வதன் முழு அர்த்தமும் இதுதான்: பேட்டரி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும்.

எங்கே என்ன விதி?

பூசான் சம்பவத்துக்குப் பிறகு விதிகள் மளமளவென மாறின.

• தென் கொரியா: 2025 மார்ச் 1 முதல், அந்நாட்டு விமானங்களில் பவர் பேங்க்கை மேல் ரேக்கில் வைக்கக் கூடாது. முனைகளில் டேப் ஒட்ட வேண்டும் அல்லது தனி பிளாஸ்டிக் பையில் போட வேண்டும்.

• சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட்: 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவும் அதைச் சார்ஜ் செய்யவும் தடை.

• சீனா: 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் '3சி' தர முத்திரை இல்லாத பவர் பேங்க்குக்கு அனுமதியில்லை. வெளிநாட்டில் இருந்து போய் அங்கே உள்நாட்டு விமானம் மாறுபவர்கள் கவனிக்க.

• எமிரேட்ஸ்: 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரே ஒரு பவர் பேங்க். பயன்படுத்தக் கூடாது, மேல் ரேக்கில் வைக்கவும் கூடாது.

• இந்தியா: விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதே வழியில் செல்கிறது. கைப்பையில் மட்டுமே அனுமதி, மேல் ரேக்கில் வைக்கக் கூடாது, விமானத்தில் பவர் பேங்க் மூலம் சார்ஜ் செய்யக் கூடாது.

இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகிறீர்களா? இரண்டில் எது கறாரோ, அதற்கேற்பப் பெட்டி கட்டுவதே பாதுகாப்பு.

100 வாட்-ஹவர் கணக்கு

பொதுவான சர்வதேச வரம்பு இது: 100 வாட்-ஹவர் வரை அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதிலும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் அனுமதி இல்லை.

பவர் பேங்க்கில் எம்ஏஎச் அளவு மட்டும் போட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் போதும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-ஹவர், 20,000 என்றால் 74, 27,000 என்றால் 99.9. 30,000 எம்ஏஎச் வாங்கினால் 111 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். பின்னால் அச்சிட்டிருக்கும் 5 வோல்ட் என்பது வெளியே வரும் மின்சாரத்துக்கானது, இந்தக் கணக்குக்கு அது உதவாது. எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிட வாய்ப்புண்டு.

லேப்டாப், கேமரா, டேப்லெட் ஆகியவற்றையும் கையில் கொண்டுவருவதே நல்லது. செக்-இன் பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்றால், ஸ்லீப் மோடு போதாது, முழுமையாக ஷட் டவுன் செய்து, நசுங்காதபடி துணிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். கேமராவின் கூடுதல் பேட்டரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை, அவை கையில் மட்டும்தான். உப்பிப்போன பேட்டரியையும், நிறுவனம் திரும்பப் பெற்ற மாடலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமான பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது.

பலரும் கோட்டைவிடும் இடம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்து போர்டிங் கேட் வரை வந்தாயிற்று. அங்கே ஊழியர், 'மேல இடம் இல்லை சார், இந்த பேகை கீழே அனுப்பிடுறோம்' என்று டேக் மாட்டுகிறார். அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், கைப்பை செக்-இன் பெட்டியாகிவிட்டது, பவர் பேங்க்கும் சரக்கு அறைக்குப் போய்விட்டது. இதைத் தவிர்க்க எளிய வழி: பவர் பேங்க், கூடுதல் பேட்டரி எல்லாவற்றையும் ஒரு சின்ன ஜிப் பையில் தனியாகப் போட்டு, டிராலியின் மேல்புறம் வைப்பது. பையைக் கேட்டால் அதை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

நடுவானில் சூடானால்?

போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால், இருக்கையைச் சாய்க்கவோ நகர்த்தவோ கூடாது. பொறியமைப்பில் சிக்கி பேட்டரி நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். ஊழியர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

கருவி கை பொறுக்காத அளவு சூடானாலும், உப்பினாலும், விநோத வாடை வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். சுடரை அணைத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டு. திட்டுவார்களோ, பிடுங்கிவிடுவார்களோ என்று பைக்குள் ஒளித்துவைப்பதுதான் மோசமான முடிவு. பேட்டரி தீயில் முதல் சில நிமிடங்கள்தான் எல்லாமே.