திருகு எவ்வளவு இறுக வேண்டும்?

வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது, இனி மின்சாரத்தால் ஆபத்து வராது என்ற நிம்மதி சிங்கப்பூரில் பலருக்கு உண்டு. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் அந்தக் கருவி தொடக்கத்திலிருந்தே கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளிலும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் பொருத்திவிட வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதி, உயிர் காக்கும் விதி. ஆனால் மின்தீக்கு இட்டுச்செல்லும் முக்கியக் காரணம் ஒன்றை ஆர்சிசிபியால் கண்டுபிடிக்கவே முடியாது. சரியாக இறுக்கப்படாத திருகுதான் அது.

ஆர்சிசிபி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரைப் போன்றது. லைன் வழியாக எவ்வளவு மின்சாரம் போனது, நியூட்ரல் வழியாக எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்தும் வகையில் 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். யாரோ ஒருவர் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும், உயிர் பிழைக்கும். தளர்ந்த திருகில் அப்படி எதுவும் கசிவதில்லை. போனது முழுவதும் திரும்பி வருகிறது. கணக்கு நேராகவே இருக்கிறது.

எம்சிபி இருக்கிறதே என்று கேட்கலாம். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, சொல்லப்போனால் ஒரு துளி குறைக்கிறது. ஆக, இரண்டு காவலர்களும் சும்மா இருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் சூடாகிக்கொண்டே போகும்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளியலறையில் இருக்கும் 3.3 கிலோவாட் உடனடி வாட்டர் ஹீட்டர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். சுவிட்சில் கம்பி நன்றாகப் பிடித்திருந்து அங்கே தடை ஒரு மில்லி ஓம் என்றால் வெப்பம் 0.2 வாட். தொட்டால்கூடத் தெரியாது. அதே இடம் தளர்ந்து தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 59 வாட்டை நெருங்கும். அவ்வளவும் விரல் நுனியளவு பித்தளைத் துண்டில், பிளாஸ்டிக்கை ஒட்டினாற்போல் உருவாகிறது. ஹீட்டரிலோ தண்ணீர் வழக்கம்போல் சுடுகிறது. குளிப்பவருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை.

சூடு ஏறினால் செம்பின் மேல் ஆக்சைடு படியும். படிந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். ஹீட்டரைப் போட்டால் உலோகம் விரியும், அணைத்தால் சுருங்கும். விரிந்து சுருங்கியே பிடிமானம் மேலும் விடும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், இது நடக்கும். கடைசியில் பிளாஸ்டிக் கருகிக் கரியாகி, பொறி பறக்கத் தொடங்கும்போது வேலை செய்த எலக்ட்ரீஷியன் எங்கேயோ இருப்பார். அன்றைக்கு அவர் போட்டுக் காட்டியபோது எல்லாம் சரியாகத்தான் எரிந்திருக்கும். முதல் நாளில் நல்ல இணைப்புக்கும் மோசமான இணைப்புக்கும் வெளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் திருகை இறுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை எண்ணிப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தின் பின்கட்டில் ஃபிரீசர் இரவு பகலாக ஓடுகிறது. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். கிரைண்டர், புகைபோக்கி விசிறி, ஏர்கான் என்று ஒன்று மாற்றி ஒன்று இயங்கும். கம்பிகள் நாளெல்லாம் சூடாகி ஆறிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. முதன்மை நியூட்ரல் திருகு தளர்ந்து விட்டுப்போனால், 230 வோல்ட்டில் ஓட வேண்டிய பொருள்கள் மேல் மின்னழுத்தம் தாறுமாறாகப் பிரியும். குறைந்த சுமை உள்ள ஃபேஸில் அது 400 வோல்ட் வரை நெருங்கக்கூடும். குளிர்பெட்டி, கல்லாக் கணினி, விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்துபோகும். ஒற்றைத் திருகு போதும் இதற்கு.

சரி, பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அனுபவமுள்ள பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதிலும் கெடுதல் உண்டு. மெல்லிய இழைகள் கொண்ட கம்பியில் இழைகள் நசுங்கி அறுந்துவிடும். கம்பியைக் கவ்வும் டெர்மினலின் மறை தேய்ந்து வழுக்கத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. எம்சிபியின் உடலே விரிசல் விடுவதும் உண்டு. இப்படிப் பாழான டெர்மினலும் இறுக்கமாக இருப்பதுபோலவே கைக்குத் தோன்றும். இதுதான் இன்னும் மோசம்.

கைக்கணக்கு ஏன் ஏமாற்றுகிறது? எம்சிபியின் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூடிரைவரின் பிடி 3 சென்டிமீட்டர் தடிமன் என்றால், உள்ளங்கை அதன் மேற்பரப்பில் சுமார் 133 நியூட்டன் விசையைச் செலுத்த வேண்டும். ஏறத்தாழ 14 கிலோவைத் தூக்குவதற்கான விசை. பிடி 2 சென்டிமீட்டராக மெலிந்துவிட்டால் அதே 2 நியூட்டன் மீட்டருக்கு 200 நியூட்டன் வேண்டும். ஒரே ஆள், ஒரே முயற்சி, கருவி மாறினால் இறுக்கம் மாறுகிறது. இதோடு வியர்த்த கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வீவக வீடுகளில் ஆர்சிசிபியும் எம்சிபிகளும் இருக்கும் டிபி பெட்டி வாசற்கதவுக்கு மேலே இருக்கும். ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மாலை ஆறு மணிக்குப் போடும் கடைசித் திருகும் காலையில் போட்ட முதல் திருகும் ஒன்றாக இருக்க வழியில்லை. திறமைக் குறைவு என்று யாரையும் சொல்ல முடியாது. மனிதக் கை அளவுகோல் இல்லை, அவ்வளவுதான்.

டார்க் ஸ்க்ரூடிரைவர் அந்த அளவுகோலைக் கைக்குள் வைக்கிறது. பிடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் நழுவும் கிளட்ச்சும் இருக்கும். பிடியின் அடியில் அல்லது பக்கத்தில் உள்ள அளவில் வேண்டிய எண்ணை வைத்துக்கொண்டால், அந்த விசை வந்ததும் ‘டக்’ என்று ஓர் ஓசையோடு கிளட்ச் நழுவிவிடும். அதற்கு மேல் திருகினாலும் விசை ஏறாது. வீடு, கடை வேலைகளுக்கு 1 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் கருவி பெரும்பாலும் போதும். ஐஇசி 60900 தரத்தின்படி 1000 வோல்ட் காப்பு உள்ளதாக வாங்குவது நல்லது. சிம் லிம் டவரிலும் ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். காப்பு இருக்கிறது என்பதற்காக மின்சாரம் ஓடும்போது வேலை செய்யலாம் என்று பொருளாகாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதன் வரும் பக்கத்து டெர்மினல்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

எந்த எண்ணை வைப்பது? எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. எம்சிபி போன்ற பொருளின் பக்கவாட்டிலோ உடன் வரும் தாளிலோ உற்பத்தியாளர் அதை அச்சிட்டிருப்பார். ஷ்னைடர் நிறுவனத்தின் ஐசி60 வகை எம்சிபிக்கு 25 ஆம்பியர் வரை 2 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 3.5. ஏபிபி நிறுவனத்தின் எஸ்200 வகைக்கு 2.8. இவை ஒரே மாதிரி தோற்றம் கொண்ட பொருள்கள். கண்ணால் பார்த்து எண்ணைச் சொல்ல முடியாது. நியூட்ரல் பட்டை, மெயின் சுவிட்ச், ஆர்சிசிபி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் இருக்கலாம். அந்தச் சிறு தாளை வேலை முடிந்ததும் குப்பையில் போடாமல் டிபி பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது எனக்குப் பிடித்த பழக்கம். அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி.

இனி ஒரே ஒரு திருகைக் கிட்டத்தில் பார்ப்போம். கம்பியின் மேலுறையை உற்பத்தியாளர் சொன்ன நீளத்துக்கு, இழை வெட்டுப்படாமல் உரிக்க வேண்டும். டெர்மினலுக்குள் ஒரு சிறு உலோகக் கூண்டு இருக்கும். திருகைத் திருப்பினால் அது மேலேறிக் கம்பியைக் கவ்வும். கூண்டை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் கம்பியை நுழைக்க வேண்டும். பாதி திறந்திருந்தால் கம்பி கூண்டுக்குப் பின்னால் போய்விடும். திருகு இறுகும், ‘டக்’ என்றும் சொல்லும், ஆனால் கம்பியை எதுவும் கவ்வியிருக்காது. கருவி விசையை மட்டுமே அளக்கிறது, கம்பி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே இறுக்கியபின் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை விடவே கூடாது. மேலுறை கூண்டுக்குள் சிக்கியிருந்தாலும் திருகு இறுகும், ஆனால் செம்பு சரியாகக் கவ்வப்பட்டிருக்காது.

பிட் விஷயத்திலும் கவனம் வேண்டும். பெரும்பாலான எம்சிபி திருகுகளின் தலை கோடும் போசிடிரைவும் கலந்தது. அதற்கென்றே இரண்டாம் எண் அளவில் பிட் விற்கிறார்கள். கைக்குக் கிடைத்த ஃபிலிப்ஸ் பிட்டை வைத்தால் அது ஏறி நழுவும், தலை சிதையும், விசையும் தப்பாகும். கருவியைத் திருகுக்கு நேராகப் பிடித்து, வெடுக்கென்று திருப்பாமல், ஒரே சீராகத் திருப்ப வேண்டும். ஒரு ‘டக்’ போதும். நிச்சயத்துக்காக என்று இரண்டு மூன்று முறை அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் செம்பைக் கொஞ்சம் கூடுதலாக நசுக்குகிறார்கள். நுண்ணிழைக் கம்பியானால் முனையில் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு நசுக்கிவிட்டுப் பிறகு நுழைப்பது நல்லது.

கருவியையும் பராமரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து ஸ்பிரிங்குக்கு ஓய்வு தர வேண்டும். சுத்தியல்போல எதையும் தட்டக் கூடாது. துருப்பிடித்த பழைய திருகைக் கழற்றச் சாதாரண ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி, வேறு கணக்கு வைத்திருக்காவிட்டால், 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்தியதும் அளவு சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத கருவி கைக்கணக்கைவிடக் கெட்டது, ஏனென்றால் அதை நாம் நம்பிவிடுகிறோம்.

இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே வீட்டு டிபி பெட்டிகளில் தீப்பிடிப்பது கூடுவதை லண்டன் தீயணைப்புப் படை கவனித்தது. ஆராய்ந்தபோது பெரிய காரணமாகத் தெரிந்தது தளர்ந்த இணைப்பு. 2016 ஜனவரி முதல் வீடுகளில் எளிதில் எரியாத பெட்டிதான் வேண்டும் என்று பிஎஸ் 7671 விதி மாற்றப்பட்டது. தீ பிடித்தாலும் வெளியே பரவாதிருக்க அது உதவும். தீ பிடிக்காதிருக்கத் திருகு சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின்விதிகள், எண் கொடுக்கப்பட்டிருக்கும் இடங்களில் அளவு சரிபார்த்த கருவியால்தான் இறுக்க வேண்டும் என்று 2017 பதிப்பில் எழுதிவிட்டன. சிங்கப்பூரில் பழைய சிபி 5க்குப் பதிலாக 2018இல் வந்த எஸ்எஸ் 638, அந்த பிரிட்டிஷ் விதிகளைத் தழுவியது. உற்பத்தியாளர் சொன்னபடி பொருத்து என்பது அந்த மரபின் அடிப்படை. உற்பத்தியாளர் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கும்போது, அளக்காமல் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொறுப்பு. ஆனால் கட்டுமானத் தளங்களிலும் கடைகளிலும் கம்பி இழுத்துத் திருகு முடுக்குபவர்களில் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த நம் தம்பிகள். அவர்களை ‘டைட்டா போடு’ என்று சொல்லி அனுப்பினால் போதாது. கருவியை முதலாளி வாங்கித் தர வேண்டும், தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து வாங்கும்படி விடக் கூடாது. எந்தத் திருகுக்கு எந்த எண் என்று தமிழில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். அதற்கான நேரத்தை வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவசரப்படுத்திவிட்டு, பின்னால் கருகிய டிபி பெட்டிக்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஏற்கெனவே போட்ட இணைப்புகளை ஆண்டுதோறும் திறந்து எல்லாவற்றையும் ஒரு சுற்று முடுக்கிவிடுவது சிலருடைய வழக்கம். உற்பத்தியாளர் கேட்டாலொழிய நான் அதைச் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கும் செம்பையும் அது நசுக்கும். மின்சுமை ஓடும்போது உரிமம் பெற்றவர் வெப்பக் கேமராவால் பார்த்தால் சூடான டெர்மினல் பளிச்சென்று தெரிந்துவிடும். அதை மட்டும் அணைத்துத் திறந்து, கருகிய முனையை வெட்டி, புதிதாகப் போடலாம். 45 கேவிஏவுக்கு மேல் மின்சுமை அனுமதி பெற்ற கடைகளும் உணவகங்களும் எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் நிறுவல் உரிமம் பெற்று, உரிமமுள்ள மின் ஊழியரைக் கவனிப்புக்கு நியமித்திருக்க வேண்டும். அவரிடம் இந்தச் சோதனையைக் கேட்பது எளிது.

வீட்டுக்காரர் டிபி பெட்டியைத் தானே திறக்கக் கூடாது. மூக்கையும் கண்ணையும் பயன்படுத்தலாம். சுவிட்சோ சாக்கெட்டோ பழுப்பாக மாறுவது, ஹீட்டர் போட்டதும் சுவிட்சின் முகப்பு வெதுவெதுப்பாவது, விளக்கு அவ்வப்போது கண்சிமிட்டுவது, ‘சர்ர்’ என்ற சன்னமான சத்தம், சமையல் இல்லாத நேரத்தில் மீன்வாடை வருவது ஆகியவை அடையாளங்கள். சில வகை பிளாஸ்டிக் சூடேறினால் அந்த வாடைதான் வரும். உடனே அந்தச் சுற்றை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருபவரின் உரிமத்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

புது ஆர்சிசிபி பொருத்தவோ ஹீட்டர் சுவிட்சை மாற்றவோ ஆள் வந்தால், பெட்டியை மூடுவதற்கு முன், “அண்ணே, இதுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர்?” என்று கேளுங்கள். நல்ல தொழில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், எண் அச்சிட்ட இடத்தைக் காட்டுவார். அவர் பையில் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால், அடுத்த முறை அது உள்ளவரைக் கூப்பிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.