தொலைப்பட லென்ஸைத் தேர்ந்துகொள்ளும் முறை

பொருள் மிகுதியாக உடையார் ஒன்றினை வாங்குங்கால் ஆராய்ச்சி சிறிது குறைந்தாலும் பெரிய இழப்பில்லை. ஒன்று பழுதாயின் மற்றொன்று வாங்கிக்கொள்வர். சிறுபொருள் உடையார்க்கோ அங்ஙனமன்று. அவர் வாங்குவது ஒருமுறைதான். நம்மனோர் பலர், உணவுச் செலவிலும் வழிச்செலவிலும் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, தொலைவிலுள்ள பறவைகளை அண்மையிற் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்க விழைகின்றனர். கடையில் முதற்கண் காட்டப்பட்டதையே வாங்கி வந்து, அது தம் காமிராவொடு பொருந்தாமையும் மாலை ஒளியிற் பயன்படாமையும் பின்னர்க் கண்டு வருந்துவாரும் உளர். ஆதலின், டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் என்பது யாது, அதனைச் சிறுபொருளிற் பெறுமாறு எங்ஙனம் என்பவற்றைச் சுருங்க ஆராய்வாம்.

மிகத் தொலைவிலுள்ள பொருளினின்று வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸினூடு புகுந்து ஒருங்கு கூடுதற்கு வேண்டும் தூரம் குவியத்தூரம் எனப்படும். இது மிகமிக உருவம் பெரிதாகும். ஆனால் 300 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள எளிய லென்ஸ் ஒன்றற்கு அவ்வளவு நீளமான குழாய் வேண்டுமன்றோ? முன்னே கதிர்களைக் குவிக்கும் கண்ணாடிகளையும் பின்னே அவற்றைச் சிறிது விரிக்கும் கண்ணாடிகளையும் அமைத்தால், குழாயின் நீளம் குவியத்தூரத்தினும் குறையும். இவ்வமைப்பே டெலிஃபோட்டோ என்னும் பெயர்க்கு உரியது. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் டால்மெயர் என்பார் இதனை இயற்றினார். ஒரே லென்ஸ் தன் குவியத்தூரத்தை மாற்றிக்கொள்ளுமாயின் அது ஜூம் எனப்படும். 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராக்களுக்கு அத்தகைய லென்ஸ் முதன்முதல் வெளிவந்தது 1959இல். அதன் பெயர் ஃபாய்க்ட்லாண்டர் ஜூமார் என்பது.

இனி, எத்துணைக் குவியத்தூரம் வேண்டும் என்பதே முதல் வினா. இதற்கு எளியதொரு கணக்கு உண்டு. பொருளின் உயரத்தைக் குவியத்தூரத்தாற் பெருக்கிப் பொருளின் தொலைவால் வகுத்தால், காமிராவினுள் விழும் உருவத்தின் உயரம் கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையது. அது 50 மீட்டர் தொலைவில் நிற்குமாயின், 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதனை ஒரு மில்லிமீட்டர் உயரமாகவே காட்டும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் 6 மில்லிமீட்டராகக் காட்டும். முழு அளவுச் சென்ஸாரின் உயரம் 24 மில்லிமீட்டர். ஆகவே நாரை படத்தின் உயரத்திற் காற்பங்கு ஆகும். மாணவர் பெரும்பாலும் கையாளும் சிறிய சென்ஸாரின் உயரம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டரே ஆதலின், அதே நாரை படத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் நிறையும். விலை குறைந்த சிறிய சென்ஸார் இவ்வகையில் நமக்குத் துணையாகின்றது. இக்கணக்கே மற்றொன்றும் கற்பிக்கின்றது. 250 மில்லிமீட்டர் லென்ஸில் அவ்வுருவம் 5 மில்லிமீட்டராகும். ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேற்றுமைக்காக மிகுதியான பணம் கொடுத்தல் வேண்டா.

இரண்டாவதாக நோக்கற்பாலது துவாரம். லென்ஸின் மேல் எஃப் என்னும் குறியோடு எழுதப்பட்டிருக்கும் எண், குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்த ஈவாகும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 5.6 ஆயின் அதன் துவாரத்தின் விட்டம் 54 மில்லிமீட்டர், எஃப் 2.8 ஆயின் 107 மில்லிமீட்டர். விட்டம் இருமடங்காகவே பரப்பு நான்மடங்காகின்றது. உட்புகும் ஒளியும் நான்மடங்கு. அத்துணைப் பெரிய கண்ணாடியைக் குறைவறக் கடைந்தெடுத்தல் அரிதாதலின் விலை பன்மடங்கு ஏறும். எடையும் இரண்டு கிலோவிற்கு மேற்படும். எனவே சிறுபொருள் உடையார் எஃப் 5.6 அல்லது எஃப் 6.3 என்னும் அளவில் அமைதி கொள்ளல் வேண்டும். அதனால் வரும் இழப்பை ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி ஓரளவு ஈடுசெய்யலாம். இக்காலத்துச் சென்ஸார்கள் அதனைப் பெரிதும் பொறுக்கும்.

மூன்றாவது, நடுக்கம் தடுக்கும் பொறி. லென்ஸ் நீள நீளக் கைந்நடுக்கமும் பெரிதாகத் தோன்றும். 300 மில்லிமீட்டர் லென்ஸைக் கையிற் பிடித்தால் ஷட்டர் வேகம் வினாடியில் 300இல் ஒரு பங்கிற்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பது பழகினார் கொள்ளும் பொது விதி. 1995இல் கேனன் நிறுவனத்தார் நடுக்கம் தடுக்கும் பொறியமைந்த 75–300 மில்லிமீட்டர் லென்ஸை வெளியிட்டனர். அப்பொறி இருப்பின் 60இல் ஒரு பங்கிலும் அசையாப் பொருளைத் தெளிவாகப் பிடித்தல் கூடும். ஆயினும் ஒன்றனை மறத்தலாகாது: அப்பொறி தடுப்பது நம் கையின் அசைவையே, பறவையின் அசைவையன்று. பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கேனும் வேண்டும். அதனைத் தருவது ஒளியொன்றே.

இம்மூன்றனையும் அறிந்தபின் கடைக்குச் செல்வாம். ஆண்டுக் கிடைக்கும் பொருள்களை மூவகையாகப் பகுக்கலாம். கடைப்பட்டது, நடுக்கம் தடுக்கும் பொறியில்லாத பழைய 70–300, 75–300 மில்லிமீட்டர் லென்ஸ்கள். இவை விலையால் மயக்குவன. நல்ல வெயிலில் மட்டுமே பயன் தரும். நீண்ட முனையில் உருவம் மழுங்கும். இடைப்பட்டது, கேனனின் 55–250 எஸ்.டி.எம்., நைக்கானின் 70–300 ஏ.எஃப்.-பி. டி.எக்ஸ். வி.ஆர். போல்வன. இவை நடுக்கம் தடுக்கும் பொறியுடையன, அரைக் கிலோவிற்கும் குறைந்த எடையின, தெளிவும் நன்று. உயர்ந்தது, டாம்ரான், சிக்மா நிறுவனங்களின் 150–600 மில்லிமீட்டர் லென்ஸ்கள். இவை ஏறத்தாழ இரண்டு கிலோ எடையின. விலையும் மாணவர்க்கு எட்டாதது. எம் கருத்தில், முதன்முறை வாங்குவார் இடைப்பட்டதைக் கொள்வதே தக்கது. கடைப்பட்டதை வாங்கியவர் விரைவில் மீண்டும் வாங்க நேரும். அங்ஙனமாயின் மலிவு மலிவன்றாம்.

பொருத்தம் பார்த்தல் இன்றியமையாதது. நைக்கான் டி 3000, டி 5000 வரிசைக் காமிராக்களில் குவிப்பு மோட்டார் இல்லை. ஆதலின் மோட்டாரில்லாத பழைய ஏ.எஃப். லென்ஸ்கள் அவற்றில் தாமே குவியா. கையாற் குவித்தல் வேண்டும். ஏ.எஃப்.-பி. வகையோ டி 90 போன்ற பழைய காமிராக்களிற் குவியவே மாட்டாது. மற்று, 2 மடங்கு டெலிகன்வர்ட்டரை இடையிற் செருகி 300ஐ 600 ஆக்கலாமென்று சிலர் எண்ணுவர். அதனால் ஒளி காற்பங்காகக் குறைந்து எஃப் 5.6 எஃப் 11 ஆகிவிடும். பல காமிராக்கள் அவ்விருளிற் குவிக்கும் ஆற்றலை இழக்கும். ஆகவே அவ்வழி சிறந்ததன்று.

பழைய லென்ஸை வாங்குதல் சிக்கனத்திற்கு நல்ல வழியே. கேனனும் நைக்கானும் கண்ணாடியில்லாக் காமிராக்களில் கருத்தூன்றத் தொடங்கிய பின்னர்ப் பழைய வகை லென்ஸ்கள் பல குறைந்த விலைக்கு வருகின்றன. அவற்றுட் பலவற்றை அடாப்டர் கொண்டு புதிய காமிராவிலும் பொருத்தலாம். ஆயினும் சோதியாமற் பணம் கொடுத்தலாகாது. டார்ச் விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் நோக்குக. சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் தோன்றின் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது எளிதிற் பற்றும். பற்றியதை நீக்கல் அரிது. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப்பசை உண்டாவென்று பார்க்க. ஜூம் வளையத்தைத் திருப்பி மணல் உராயும் ஒலி எழுகின்றதா என்று கேட்க. தம் காமிராவையே கொண்டுசென்று நீண்ட முனையிற் பத்துப் படமேனும் எடுத்துப் பார்க்க. வாங்கியபின் காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்துக் காத்தல் வேண்டும்.

இத்துணையும் கூறியது படத்தின் நலம் கருதி மட்டுமன்று. குறுகிய லென்ஸ் உடையான் உருவம் பெரிதாக வேண்டிக் கூட்டை நெருங்குகின்றான். தாய்ப்பறவை அஞ்சி எழுந்து பறக்கின்றது. அது மீளும்வரை முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலிற் காய்கின்றன. காகம் வந்து கவர்தலும் உண்டு. ஒரு படத்திற்கு ஓர் உயிர் விலையாதல் தகுமோ? திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊரினுள்ளே வீட்டருகு மரங்களிற் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் துரத்தாது காத்துவருகின்றனர். அங்குத் தெருவில் நின்றே 250 மில்லிமீட்டர் லென்ஸால் நிறைவான படம் எடுக்கலாம். குளத்தின் நடுவே மிதக்கும் வாத்துக்கோ 600 மில்லிமீட்டரும் போதாது. அவ்வழி, தொலைவில் நின்று பறவையோடு நீரையும் வானையும் சேர்த்து எடுப்பதே அறிவுடைமை. லென்ஸ் எட்டாத இடத்திற்குக் கால் எட்டலாகாது. இவ்வொரு விதியை உட்கொண்டு, தம் பொருளளவும் காமிராவின் பொருத்தமும் ஒளியின் தேவையும் ஆராய்ந்து வாங்குவார், சிறுபொருளிலும் குறைவில்லாப் பயன் பெறுவர் என்பது எம் துணிபு.