அட்வான்ஸ் யாருடைய பணம்?

விஜயபுரம் பக்கத்து ஊர்களில் தமிழும் பேசுவார்கள், தெலுங்கும் பேசுவார்கள். பிழைப்புக்காகப் பலர் நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் போகிறார்கள். அங்கே வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் முதலில் கேட்பது அட்வான்ஸ். நகையை அடகு வைத்து அதைக் கட்டுகிறவர்களும் உண்டு.

கட்டிய பிறகு அது வீட்டுக்காரரின் பணம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அட்வான்ஸ் என்பது குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரர் கையில் பாதுகாப்புக்காக இருக்கிறது. வாடகை பாக்கி, கரண்ட் பாக்கி, வீட்டுக்குச் செய்த சேதம், இவற்றை அதில் கழிக்கலாம். மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

சென்னையிலிருந்து நெல்லூர் போகும் ரயில் பாதையில் கூடூர் இருக்கிறது. அங்கே வாடகைக் கட்டடத்தில் ஒரு ஓட்டல் நடந்தது. வாடகை பாக்கி என்று சொல்லி, ஓட்டலைக் காலி செய்யக் கேட்டுக் கட்டடக்காரர் வழக்குப் போட்டார். ஆனால் ஓட்டல்காரர் கொடுத்த அட்வான்ஸ் அவரிடமே இருந்தது. அப்போது அமலில் இருந்த 1960ஆம் ஆண்டு ஆந்திர வாடகைச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989இல் தீர்ப்பு வந்தது. குடியிருப்பவரின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை தரவில்லை என்று அவரை வெளியேற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

இதை நம்பி யாரும் வாடகையை நிறுத்திவிடக் கூடாது. கோர்ட்டுக்கு அலைய ஓட்டல்காரருக்கு முடிந்தது. கூலிக்காரருக்கு முடியுமா?

ஆந்திராவில் 2017இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அரசு 2021இல் தயாரித்த மாதிரிச் சட்டம், வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும்.

காலி செய்யும் நாளில்தான் சண்டை வருகிறது. சுவரில் சுண்ணாம்பு மங்கியிருக்கும். தரை தேய்ந்திருக்கும். இது புழங்குவதால் வருவது. இதற்குப் பணம் பிடிப்பது நியாயம் இல்லை. நாய் கதவைப் பிறாண்டியிருந்தால் அது சேதம். அந்தக் கதவைச் சரி செய்யும் செலவைப் பிடிக்கலாம். "நாய் வளர்த்தாய்" என்று முழு அட்வான்ஸையும் பிடிக்கக் கூடாது.

ஆடு, கோழி, நாய் வளர்க்கிறவர்கள் குடி வருமுன்பே சொல்லிவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிறகு வாதாட முடியாது. வீடு மாறும்போது நாயைப் பட்டினியாகத் தெருவில் விட்டுவிட்டுப் போவதும் குற்றம்தான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஒப்பந்தம் பெரும்பாலும் தெலுங்கில் இருக்கும். பேசத் தெரிந்த பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவரை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த தொகை, தேதி, திருப்பித் தரும் காலம், வீட்டில் ஏற்கெனவே உள்ள உடைசல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்துக்குத் தனி ரசீது வாங்க வேண்டும்.

பணம் திரும்பி வராவிட்டால் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் தருகிறார்கள். சித்தூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது ரசீதையும் ஒப்பந்தத்தையும் கையோடு கொண்டு போக வேண்டும்.