மேலே பால்ரூம், கீழே பாறை

கோட்டும் கவுனும், மரத்தரையில் வழுக்கும் ஷூக்கள், மேடையில் பேண்டு. கோலார் தங்கவயலின் கிளப்புகளில் கிறிஸ்துமஸ் கால இரவுகள் இப்படித்தான் கழிந்தன. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்த பிறகு உருவான 'குட்டி இங்கிலாந்து' அது. 1902லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் ஆங்கிலோ இந்தியர்களின் மஞ்சள் சோறும் பால் கறியும் (பசுவை நினைக்க வேண்டாம், இது கொத்துக்கறி உருண்டைக் குழம்பு).

ஆண்டர்சன்பேட்டையும் தொழிலாளர் லைன்களும் இந்த விருந்துக்கு வெளியே. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள். மூன்று கி.மீ. ஆழத்தில் பாறை வெடித்தால் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டுச் சுவர் அதிரும். ஷிஃப்டுக்குப் போனவர் திரும்ப வேண்டுமே என்ற கவலை லைன் முழுக்கப் பரவும்.

ப்ளூஸ் இசை இப்படிப்பட்டவர்களிடம்தான் பிறந்தது. மும்பையின் மஹிந்திரா ப்ளூஸ் விழாவில் வாசித்த பட்டி கை, அமெரிக்காவின் லூசியானாவில் வாரத்துக்கு உழுதவரின் மகன். சிறுவயதில் பருத்தி பறித்தவர். அந்தக் கணக்கில் தங்கவயலின் ப்ளூஸை கிளப்பில் தேடிப் பயனில்லை. லைன்களின் ஒப்பாரியிலும் பறையிலும்தான் தேட வேண்டும். அதற்கு டின்னர் டிக்கெட் கிடையாது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். டின்னரோடு லைவ் ப்ளூஸ் அங்கே பப்களில் கிடைக்கும். கச்சேரி சூடு பிடிக்கும்போது இவர்கள் ஊர் திரும்பும் ரயிலில் இருப்பார்கள்.