மடிக்கணினியின் மின்கலம் ஏன் மூப்படைகிறது?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், இராமேசுவரம், பாம்பன், மண்டபம் போன்ற ஊர்களின் எளிய வீடுகளுக்கும் கணினி வந்து சேர்ந்தது. சில ஆண்டுகள் சென்றபின் அக்கணினிக்கு ஒரு நோய் வருகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் உடனே அணைந்துவிடுகிறது. “கணினி கெட்டுவிட்டது” என்று அதைப் பரணில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் மூப்படைந்தது கணினியன்று, அதன் மின்கலமே. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் கணினிக்கு மறுவாழ்வு அளிக்கலாம்.

மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கடலைக் கடக்க இரு வழிகள் உண்டு. ஒன்று ரயில் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்துக்கு மாற்றாக 2025-இல் புதியது திறக்கப்பட்டது. மற்றொன்று 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம். லித்தியம் அயனி மின்கலத்திலும் இத்தகைய இரு வழிகள் உள்ளன. அதன் ஒரு முனையில் கிராஃபைட்டும், மறுமுனையில் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்சைடும் இருக்கும். இடையே மின்பகுளி என்னும் நீர்மம். கணினி இயங்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிலிருந்து மின்பகுளி வழியே ஆக்சைடுக்குச் செல்கின்றன. எலெக்ட்ரான்களோ வெளிச்சுற்று வழியே, அதாவது கணினியின் வழியே, அதே முனையை அடைகின்றன. மின்னேற்றம் செய்யும்போது இரண்டும் வந்த வழியே திரும்புகின்றன.

போனவை எல்லாம் திரும்பினால் மின்கலத்துக்கு மூப்பே இராது. ஆனால் கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. பயணிகள் குறையக் குறைய மின்கலத்தின் கொள்ளளவும் குறைகிறது. சில நூறு முறை மின்னேற்றம் செய்தபின் இக்குறைவு நன்றாகவே தெரியும்.

“முப்பது விழுக்காடு மீதம்” என்று திரை காட்டும்போதே கணினி அணைவது ஏன்? படலம் தடித்தால் அகமின்தடையும் உயர்கிறது. எடுத்துக்காட்டாக, மூன்று கலங்கள் தொடராக உள்ள அடுக்கின் மின்னியக்கு விசை 10.5 வோல்ட் எனவும், கணினி எடுக்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர் எனவும் கொள்வோம். புதிய அடுக்கின் அகமின்தடை 0.15 ஓம் எனில் உள்ளே இழக்கப்படுவது 0.45 வோல்ட், வெளியே 10.05 வோல்ட் கிடைக்கும். மூப்பினால் மின்தடை 0.6 ஓம் ஆனால் இழப்பு 1.8 வோல்ட், கிடைப்பது 8.7 வோல்ட் மட்டுமே. 9 வோல்ட்டுக்குக் கீழே காப்புச்சுற்று இணைப்பைத் துண்டிக்குமாறு அமைத்திருந்தால், மின்னூட்டம் மீதமிருந்தும் கணினி அணைந்துவிடும்.

வெப்பம் மூப்பை விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே ஓட்டு வீட்டின் வெக்கையிலும் மெத்தையின் மேலும் கணினியை வைத்து மின்னேற்றம் செய்தல் நன்றன்று. நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதியளவு மின்னேற்றத்துடன் வையுங்கள். முழுவதும் வடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் கலங்களுக்குச் சொன்ன அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது.

புதியது வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று செப்புத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். மின்கலம் கழற்றக்கூடியதாயின், கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். குறை நீங்கிவிட்டால் செலவு மிச்சம்.

மாற்றியே ஆகவேண்டுமெனில், பழைய அடுக்கின் மேலுள்ள மாதிரி எண்ணையும் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 10.8 வோல்ட், 11.1 வோல்ட் என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே வகையே. கலம் ஒன்றுக்கு 3.6 என்றோ 3.7 என்றோ கணக்கிடுவதால் வந்த வேறுபாடு அது. ஆனால் 14.8 வோல்ட் என்பது நான்கு கலங்கள் கொண்டது. அதை இதற்குப் பதிலாகப் பொருத்தலாகாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள். காப்புச்சுற்று சரியில்லாத மலிவுச் சரக்கு தீப்பிடிக்கக்கூடும்.

மின்கலம் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்துள்ளது என்று பொருள். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ, குத்தவோ, மின்னேற்றவோ கூடாது. கணினியின் உள்ளே பொருத்தப்பட்டதாயின், கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். பழைய கலத்தைக் குப்பையிலோ கடலிலோ எறியாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே அகற்ற வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி நமது கடமையுமாகும். அக்கலத்திலுள்ள கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த முடியும்.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொலைதூரம் நோக்க வேண்டியதில்லை. 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அண்டையிலுள்ள காரைக்குடியிலேயே இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் படலத்தைக் கட்டுப்படுத்தி மின்கலத்தின் ஆயுளை நீட்டிக்கும் பணி இன்னும் முடியவில்லை. அது உங்களுக்காகவும் காத்திருக்கிறது.