மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஹோஸ் கழலவில்லையா? சுத்தியலை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

டிப்பர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு ரோட்டவேட்டரை மாட்ட வேண்டும். நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழவை முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஹைட்ராலிக் ஹோஸ் கழலாமல் அடம்பிடிக்கும். உடனே பைப் ரெஞ்சும் பெரிய சுத்தியலும் வெளியே வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் அது துருவால் இறுகியிருக்காது. உள்ளே அடைபட்ட அழுத்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

பைக் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். பல மினி டிராக்டர்களின் ஹைட்ராலிக் ஆயிலில் 150 பாருக்கு மேல் அழுத்தம் வரும். இன்ஜினை நிறுத்திவிட்டால் இது போய்விடும் என்று நினைக்காதீர்கள். லிவர் நடுவில் நின்றால் வால்வு மூடிக்கொள்ளும். ஆயில் ஹோஸுக்குள்ளேயே சிறைபட்டுவிடும். வெயிலில் நிற்கும் வண்டியில் ஆயில் சூடேறி விரிவதால் அழுத்தம் இன்னும் கூடும். காலையில் எளிதாகக் கழன்ற ஹோஸ் நண்பகலில் கழலாமல் போவது இதனால்தான்.

அதனால் முதல் வேலை அழுத்தத்தை விடுவது. டிரெய்லர் தொட்டியை முழுவதும் இறக்குங்கள். பின்னால் உள்ள கருவியையும் தரையில் வையுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக் லிவரை முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை கடைசி வரை தள்ளுங்கள். தொட்டி தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை என்றால் ஹோஸில் கையே வைக்காதீர்கள். நட்டைத் தளர்த்திய நொடியில் தொட்டி விழும். தாங்குகாலை முட்டுக்கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதுவரை யாரையும் தொட்டிக்கு அடியில் போகவிடாதீர்கள்.

சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளராக இருந்தால், இவ்வளவு செய்தாலே பெரும்பாலும் காலரை இழுத்ததும் வந்துவிடும். வரவில்லையென்றால் காலரைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசலில் கழுவுங்கள். காலரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே சின்ன சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். உள்ளிருக்கும் குண்டுகளில் ஒட்டிய மண் விடும். அப்போதும் அசையவில்லையா? கப்ளருக்குப் பின்னால் ஹோஸை இணைக்கும் மரை நட்டின் மேல் தடித்த துணியைச் சுற்றி, அதைக் கால் சுற்று மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும், முகம் ஒதுங்கி இருக்க வேண்டும். ஆயில் கசிந்து நின்ற பிறகு கப்ளர் கழலும்.

மரை நட்டே இறுகியிருந்தால் அது வேறு வேலை. இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, ஒரே ஸ்பேனரால் திருப்புவது. அப்படிச் செய்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். இல்லையென்றால் நட்டுக்குப் பதில் வால்வில் இருக்கும் அடாப்டர் கழன்றுவரும். ஒரு ஸ்பேனரால் அடாப்டரைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஸ்பேனர் அளவையும் பாருங்கள். சில ஹோஸ்களில் நட் மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சிலவற்றில் அங்குல அளவில். 7/8 அங்குல நட்டில் 23 ஸ்பேனர் போட்டால் ஆடும். ஆடும் ஸ்பேனரில் பலம் கொடுத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு வேலை இரட்டிப்பு.

துருநீக்கும் ஸ்பிரேயை மரையில் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நட்டின் ஒரு பக்கத்தில் கனமான இரும்பை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். பிறகு ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்துவிட்டுத் தளர்த்துங்கள். துருப்பிடித்த மரை பல நேரம் இந்த இறுக்கத்தில்தான் விடும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி நெம்பாதீர்கள், வால்வின் வார்ப்பு விரிசல் விடும். ஹோஸை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், அழுத்தத்தை விட்ட பிறகு நட்டுக்குப் பின்னால் ஆக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள். ஹோஸ் போனதும் ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ நட்டின் மேல் முழுதாக உட்காரும். கேஸ் வைத்துச் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயில் ஆவி தீப்பிடிக்கும்.

வெடிப்புள்ள ஹோஸில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைக் கிழித்து உள்ளே போகும். வெளியில் முள் குத்திய தடம் போலத்தான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். அட்டையை ஹோஸ் அருகே நகர்த்தினால் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

கழற்றிய இரண்டு முனைகளையும் உடனே மூடியால் அடையுங்கள், மூடி இல்லையென்றால் சுத்தமான பாலித்தீனைக் கட்டுங்கள். உள்ளே போகும் மணல் பம்பையும் வால்வையும் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் இருந்தால் புதிதாகப் போடுங்கள். கூம்பு முனையில் அமரும் நட்டுக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. டேப்பின் துணுக்குகள் வால்வை அடைக்கும், ஒரு சொட்டு ஆயில் போதும். நட்டைக் கையால் முழுவதும் திருகிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். இன்ஜினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, தொட்டியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, அட்டையால் கசிவைப் பாருங்கள். கடைசியில் தொட்டி இறங்கிய நிலையில் ஆயில் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள்.